எரிந்த மோட்டாரும் இழப்பீடும்

(திண்டுக்கல்லில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நம் திண்டுக்கல் சமவெளியில் வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறைப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்குக் கிணறும் ஆழ்குழாயுமே கதி. மோட்டார் நின்றால் வயலோடு வீட்டுக் குடமும் காய்ந்துவிடுகிறது. மோட்டாருக்குக் காப்பீடு செய்தவர்கள் நம்மில் உண்டு. சேதம் நேர்ந்தபின் இழப்பீடு எவ்வாறு கைக்கு வருகிறது, எதனால் வராமற் போகிறது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

முதலில் நமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், கோடை இடிமழையின்போது ஒரு சிற்றூரில் காப்பீடு செய்திருந்த குடிநீர் மோட்டார் எரிந்துபோயிற்று. மறுநாள் காலை பெண்கள் காலிக் குடங்களுடன் வந்து நின்றார்கள். “உடனே காயில் கட்டி மோட்டாரை இறக்குங்கள்” என்று நாமே சொன்னோம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கம்பெனியின் ஆய்வாளர் வந்தபோது காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கருகிய செம்புக் கம்பி பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. மோட்டார் இடியால் எரிந்ததா, நீரின்றி ஓடி எரிந்ததா என்று அவர் கேட்டார். விடை சொல்ல நம்மிடம் சான்றில்லை. கோரிக்கை தள்ளுபடியாயிற்று. தெருவிளக்குக்கு வைத்திருந்த பணம் மோட்டாருக்குச் சென்றது. அத்தெரு சில மாதம் இருட்டிலேயே கிடந்தது.

தண்ணீர் கொடுத்தது தவறன்று. தடயத்தைத் தொலைத்ததே தவறு. இரண்டையும் காக்க வழி உண்டு.

சேதம் தெரிந்தவுடன் மின்சாரத்தை நிறுத்துங்கள். அன்றே கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுத்து மூலமும் தெரிவியுங்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டிலுள்ள எண், ஸ்டார்ட்டர், கருகிய காயில் ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். பழுது பார்க்க அவசரமென்றால் அதையும் எழுதி அனுமதி கேளுங்கள். காயில் கட்டுபவரிடம் எரிந்த கம்பியையும் மாற்றிய உறுப்புகளையும் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி வையுங்கள். காரணத்தை எழுதிய ரசீதும் பெறுங்கள். திருட்டானால் காவல் நிலையத்தில் புகார் செய்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறவேண்டும்.

ஆய்வாளரைப் பகைவராக எண்ணவேண்டாம். 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி உரிமம் பெற்றவர் அவர். சேதம் எதனால், எவ்வளவு என்று மதிப்பிடுவதே அவர் வேலை. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்திற்குள் ஆய்வாளரை நியமித்து, 15 நாள்களில் அறிக்கை பெற்று, அதன்பின் 7 நாள்களில் கம்பெனி முடிவு சொல்லவேண்டும்.

அவர் எதைப் பார்ப்பார்? மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் அறுந்தால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகும். அதைத் தடுப்பதற்கே ஸ்டார்ட்டரில் ரிலே இருக்கிறது. அடிக்கடி நிற்கிறதென்று ரிலேயைக் கட்டி வைத்திருந்தால், அது கவனக்குறைவாகவே எழுதப்படும். எர்த் கம்பி அறுந்து கிடப்பதும் அப்படியே. நாட்பட்ட தேய்மானத்திற்குப் பொதுவாக இழப்பீடு இல்லை. தீ, மின்னல், திருட்டு, மின்கோளாறு ஆகியவற்றில் எவை உங்கள் பாலிசியில் அடங்கும் என்பதை வாங்கும்போதே படித்தறியுங்கள்.

தொகையிலும் கவனம் வேண்டும். 40,000 ரூபாய் பெறும் மோட்டாரை, பிரீமியம் குறையுமென்று 20,000 ரூபாய்க்குப் பதிந்தார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சேதம் 10,000 ரூபாயானால், பாதி மதிப்புக்கே காப்பீடு செய்ததால் பாலிசி விதிப்படி 5,000 ரூபாயே கணக்காகும். அதிலும் சில கழிவுகள் உண்டு.

கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் மனம் தளரவேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஓராண்டிற்குள் எழுதலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தின் வழியாகவும் சென்றது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. அத்தகைய நாளில் காகிதம் தேடுவது எளிதன்று. ஆகவே இன்றே ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு நோட்டைத் திறந்து, மோட்டாரின் எண், குதிரைத்திறன், வாங்கிய தேதி, பாலிசி முடியும் நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். விவசாயிகளும் வீட்டில் அவ்வாறே செய்க.

கருகிய கம்பியை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தால் அந்தத் தெருவில் விளக்கு எரிந்திருக்கும். நமக்கு நேர்ந்த அந்த நஷ்டம் உங்கள் ஊருக்கு நேரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.