பையில் யாருடைய பெயர்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பையைப் பற்றி. பையைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது கையில் இருந்த முழுச் சொத்தும் ஒரு பைதான். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருப்போம். பையைச் செய்தது யார் என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

எங்கள் பான் நகரில் மாதம் ஒருமுறை முதியோர் ஒன்றுகூடல் நடக்கிறது. அண்மையில் அங்கே எங்கள் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். கேல்னில் வடிவமைப்புப் படிக்கிறவள். கூடப் படிக்கும் ஜேர்மன் தோழியையும் கூட்டி வந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். பனையோலையால் இழைத்த முதுகுப் பை. மடிக்கணினி, தண்ணீர்ப் போத்தல், புத்தகம் எல்லாம் வைத்துக்கொண்டு சைக்கிளில் போகக்கூடிய பை. ஒன்றுகூடலுக்கு வரும் அம்மா ஒருவர் ஊரில் பன்ன வேலையில் கைதேர்ந்தவர். கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, உமல் எல்லாம் இழைத்தவர். அவரிடம் படத்தைக் காட்டினார்கள்.

அம்மா படத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை. ஆனா ரெண்டு கிழமையில வார் பிய்ஞ்சுபோகும்" என்றார்.

ஏன் என்று அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். கடகம் தலையிலோ இடுப்பிலோ இருக்கும். பாரம் முழுவதும் அடியில்தான். அதனால் கடகத்தை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டையாக இழைத்து, வாயைப் பனைநாரால் கட்டுவார்கள். முதுகுப் பையின் கதை வேறு. அதில் பாரம் வார் தொடங்கும் இடத்தில் தொங்கும். ஓலை படுக்கையாகத் தாங்கும். ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் கிழியும். அப்படியென்றால் என்ன செய்வது? அம்மா ஒரு சொல்லில் பதில் சொன்னார்: "உறி."

உறியை எங்கள் வயதினர் அறிவோம். குசினியில் தயிர்ச்சட்டி தொங்குவது அதில்தான். கயிறு சட்டியின் விளிம்பில் கட்டப்படுவதில்லை. அடியைச் சுற்றி வந்து சட்டியைத் தாங்குகிறது. அதேபோல வார் பையின் அடியைச் சுற்றிப் போய் இரு தோள்களுக்கும் வரட்டும், ஓலைக்கு இழுவை இருக்காது என்றார் அம்மா. ஜேர்மன் தோழி உடனே பென்சிலை எடுத்துப் படத்தைத் திருத்தினாள்.

பிள்ளைகள் சொன்னதிலும் அம்மாவுக்குப் புதிய விடயங்கள் இருந்தன. இங்கே வருடம் முழுக்க மழை. மாரியில் வீட்டுக்குள் ஹீற்றர். ஈரம் பட்டால் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். வறண்ட சூட்டில் முறியும். ஆகவே உள்ளே கழற்றித் துவைக்கக்கூடிய துணி, மேலே மழை புகாத மூடி, முதுகு படும் பக்கத்தில் மெத்தை வேண்டும். இதையெல்லாம் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் பை.

எல்லாம் பேசி முடிந்தபின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரி, இதில ஆற்றை பேரைப் போடப் போறியள்?"

பிள்ளைகளிடம் உடனே பதில் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வி மிகவும் பழைய கேள்வி.

எங்கள் நகரிலேயே தொடங்குவோம். ஹொக்ஸ்ராடன்றிங்கில் ஓவியர் ஓகுஸ்ற் மாக்க வாழ்ந்த வீடு இருக்கிறது. 1914 இல், முதலாம் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் முடியும் முன்னரே, 27 வயதில் போர்முனையில் இறந்துபோனவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மாக்க சித்திரம் மட்டும் வரையவில்லை. தையல் வேலைக்கான கோலங்களும் வரைந்தார். அவற்றை ஊசியும் நூலும் கொண்டு துணியில் கொண்டுவந்தவர்கள் அவரது மனைவி எலிசபெத், எலிசபெத்தின் தாயார், பாட்டியார். எந்த நிறத்துக்கு எந்த நூல், எந்த வளைவுக்கு எந்தத் தையல் என்பதைக் கை அறிந்தால்தான் அந்த வேலை நடக்கும். ஆனாலும் உலகம் அறிந்த பெயர் ஒன்றுதான்.

இலங்கையிலும் பார்க்கலாம். கொழும்பு காலி வீதியில் "பெயார்ஃபுட்" கடையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பார்பரா சன்சோனி 1964 இல் தொடக்கியது. கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவு நிலையங்களின் பெண்களுக்கு நிறமும் கோடும் அமைத்துக் கொடுத்ததில் இருந்து வளர்ந்தது. அந்தக் கைத்தறித் துணியில் தைத்த பைகள் உலகமெல்லாம் போயின. 2022 இல் சன்சோனி அம்மையார் காலமானபோது பல நாடுகளில் அவரை நினைவுகூர்ந்தார்கள். அது அவருக்குத் தகுந்த மரியாதை. ஆனால் தறியில் இருந்த பெண்களில் ஒருவரின் பெயராவது எங்களுக்குத் தெரியுமா?

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். "கைவினை என்பது பரம்பரைச் சொத்து, அதில் தனியொருவரின் பெயருக்கு இடமில்லை" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 1958 இல் இந்திய அரசின் அழைப்பில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சாள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஓர் அறிக்கை எழுதினார்கள். 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்க அதுதான் வழிகாட்டி. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருட்களில் அவர்கள் மிகவும் வியந்தது தண்ணீர்ச் செம்பை. எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி நிற்கும், எப்படி ஊற்றும், கழுவ இலகுவா, விலை என்ன என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். இதை ஒரு மனிதர் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் வடிவமைத்தார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். எங்கள் கடகமும் அப்படித்தான்.

ஆனால் பலர் செய்தது என்பதற்கும் ஒருவரும் செய்யவில்லை என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை மறந்தால் என்ன நடக்கும் என்பதை 2025 ஜூனில் பார்த்தோம். இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரக் காட்சியில் ஒரு செருப்பைக் காட்டியது. அது இந்தியாவின் கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே இருந்தது. ஆனால் கோலாப்பூரின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. அந்தச் செருப்புக்கு 2019 இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. பிறகுதான் நிறுவனம் அது எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டது. 2025 டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் கழகங்களோடு உடன்பாடும் செய்துகொண்டது. கேட்டபடியால் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால்?

நேர்மையாகச் செய்யவும் முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. செட்டிநாட்டில் கொட்டான் என்று ஓலைக் கூடை முடைவார்கள். பெயர்கூட எங்கள் குட்டானுக்குக் கிட்டத்தான். கலியாணச் சடங்குகளில் சீர் வைக்கும் கூடை. பிளாஸ்ரிக் வந்தபின் அது அருகிப்போய், முடையத் தெரிந்தவர்கள் சில வயோதிபப் பெண்கள் என்ற நிலை வந்தது. விசாலாட்சி ராமசாமி என்பவர் 2000 ஆம் ஆண்டளவில் ஓர் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பழைய கூடைகளைப் பார்த்துப் பின்னலையும் நிறத்தையும் மீட்டார்கள். இன்றைய பாவனைக்கு ஏற்ற அளவுகளிலும் செய்தார்கள். யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் கிடைத்தது. அங்கே முதலில் தேடிப் போனது கை தெரிந்த அந்தப் பெண்களைத்தான். சந்தை பிறகுதான் வந்தது.

இனி விலைக்கு வருவோம். பெயரை மட்டும் போட்டுவிட்டுக் கூலியை மறந்தால் அதுவும் ஏமாற்றுத்தான். ஓலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து, நனைத்துப் பதப்படுத்தி இழைக்க வேண்டும். உதாரணத்துக்கு, இழைக்க மட்டும் பத்து மணித்தியாலம் என்று வையுங்கள். 2026 ஜனவரியில் இருந்து இந்த நாட்டில் ஆகக் குறைந்த மணிக்கூலி 13 யூரோ 90 சதம். அப்படியென்றால் கைக்கூலி மட்டும் 139 யூரோ. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாக் கடைகளில் ஓலைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பத்து யூரோவுக்குத் தருவியளோ?" என்று பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் தோற்பை வாங்கும்போது பேரம் பேசுவதில்லை. எங்கள் கையின் வேலையை முதலில் மலிவாக்குவது யார்?

ஜேர்மனியரைக் குறை சொல்வதற்கு இல்லை. 1978 இல் இந்த நாட்டில் "பிளாஸ்ரிக்குக்குப் பதில் சணல்" என்ற இயக்கம் தொடங்கியது. பங்களாதேஷில் பெண்கள் செய்த சாதாரண சணல் பைதான். எண்பதுகளில் வந்தவர்கள் பேருந்திலும் சந்தையிலும் அந்தப் பையைக் கண்டிருப்பீர்கள். தூர தேசத்துப் பெண்ணொருத்தியின் உழைப்பைத் தோளில் சுமக்கிறோம் என்று பலரை யோசிக்க வைத்த பை அது. ஒரு பையால் அவ்வளவு முடியும்.

ஆகவே, சேர்ந்து வேலை செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். தொடங்கும் முன்பே ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள். முதலாவது பெயர்: இழைத்தவர், வரைந்தவர் இருவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் பைக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது கூலி: பை விற்றாலும் விற்காவிட்டாலும் செய்த மணித்தியாலத்துக்குப் பணம். மூன்றாவது உரிமை: அந்த வடிவத்தை வேறொருவருக்குக் கொடுப்பதென்றால் இருவரின் சம்மதமும் வேண்டும். நான்காவது கல்வி: வடிவமைக்கும் பிள்ளை ஒரு சின்னப் பெட்டியாவது தன் கையால் இழைக்கப் பழக வேண்டும். ஓலையைத் தொடாமல் ஓலைக்கு வடிவம் வரைய முடியாது.

ஓலை இங்கே விளையாது. ஊரில் இருந்துதான் வர வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் இருந்து இயங்குகிறது. அதன் "கற்பகம்" கடையைப் பலர் அறிவீர்கள். 2009 க்குப் பின் வடக்கில் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஏராளம். பன்ன வேலையை நம்பி வாழ்பவர்களும் அவர்களில் உண்டு. அங்கே ஒரு சகோதரி இழைத்து, இங்கே எங்கள் பிள்ளை தைத்து முடிக்கும் பை என்றால் அந்தச் சகோதரியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பெயரின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல. அகதி விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் பாதியாய் வெட்டுப்பட்டு, அந்தப் பெயரிலேயே கூப்பிடப்பட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தாய்மாரின் பெயரை ஒரு பையிலாவது பிழையில்லாமல் எழுதுவோம்.

எங்கள் நகரில் ஓலை இழைக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஒன்றுகூடலுக்கு அவரையும், வரையத் தெரிந்த ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஓலைக்கு நாங்கள் ஒழுங்கு செய்கிறோம்.