மண்ணைப் பார்த்தால் அழுங்கு தெரியும்

எறும்புதின்னி என்றதும் தொலைக்காட்சியில் வருகிற தென் அமெரிக்கப் பிராணியை நினைத்துவிடாதீர்கள். அதற்கு உடம்பெல்லாம் மயிர். நம் அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். இரண்டும் நெருங்கிய சொந்தமும் இல்லை. எறும்பும் கறையானும் தின்பதில்தான் ஒற்றுமை.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் அழுங்கைப் பார்க்க வேண்டுமானால் ஹப்புத்தளைக் குளிரில் அலையாதீர்கள். இலங்கையில் அழுங்கு பெரும்பாலும் 1,100 மீட்டருக்குக் கீழேதான் வாழ்கிறது. பதுளைக்குக் கிழக்கே, பசறை, லுணுகலைப் பக்கம் தாழ்ந்த மலைகளில் தேடுங்கள். தேடுங்கள் என்றால் டோர்ச் அடித்து அல்ல. அது இரவில் நடமாடும், ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிவிடும். அது தோண்டிய மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் குழி பார்க்கிற வேலைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தேயிலை மலையோரக் காட்டுக்குப் போயிருந்தோம். ஒரு குழியைக் கண்டு, நாய் தோண்டியதாக்கும் என்று பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கூப்பிட்டார்: "சேர், நாய் தோண்டுனா மண்ணு நாலா பக்கமும் செதறும். இது புத்தோட அடியைத் தேடிப் போயிருக்கு பாருங்க." குனிந்து பார்த்தோம். உடைந்த கறையான் புற்று, பக்கத்தில் ஆழமான நகக் கீறல்கள்.

அது இரைக்குழி, ஆழம் குறைவு. தங்கும் வளை வேறு: நீளமாக உள்ளே போகும், வாயில் மண் குவிந்திருக்கும். அழுங்கு உள்ளே போனபின் சில வேளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வளைவாயில் முள் கிடந்தால், நேயர்களே, அது முள்ளம்பன்றி வீடு, தள்ளி நில்லுங்கள்!

அழுங்குக்குப் பல்லே கிடையாது. விழுங்கிய சிறு கற்கள்தான் வயிற்றுக்குள் இரையை அரைக்கின்றன. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடம் அது பலிக்கலாம். மனிதன் அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடுகிறான். செதிலில் மருந்து இருப்பதாக நம்புவதும் இதற்கு ஒரு காரணம். செதில், நம் விரல் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். 2017 முதல் அழுங்கின் சர்வதேச வியாபாரத்துக்கே தடை. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் என்பதால் போனதை ஈடுகட்டவும் அதனால் முடிவதில்லை.

நேரமாகிவிட்டது. வளையைக் கண்டால் புகை போடாதீர்கள், நாயை ஏவாதீர்கள், இடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். சுருக்குக் கம்பியில் மாட்டியதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992 என்ற இலக்கத்துக்கு, உடனே சொல்லுங்கள்.