மார்பில் ஊமைக்காயம்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் தமிழும் கல்வியுமே பேசிவந்த யாம் இன்று மருத்துவம் பேச முற்பட்டது சிலர்க்கு வியப்பாகலாம். யாம் செய்த பிழையொன்றே எம்மை இங்கு நிறுத்தியது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பகுதிகளில் ஏர் பிடித்த கைகள் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பல்லாண்டுகள் ஆயின. எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஓட்டிய லாரி முன்சென்ற வண்டியில் மோத, அவர் மார்பு ஸ்டியரிங்கில் இடித்தது. குருதி இல்லை, தோலும் கிழியவில்லை. "ஊமைக்காயந்தான், ஒத்தடம் கொடுங்கள்" என்று யாம் கூறினோம். அன்றிரவே அவர் மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தபோது இருதயத் துடிப்பு தாறுமாறாயிருந்தது. அவர் பிழைத்தது எம் அறிவால் அன்று.

பின்னர் மருத்துவரை வினவி அறிந்தவற்றைக் கூறுகின்றோம். நெஞ்செலும்பிற்கு நேர்பின்னே இருப்பது இருதயத்தின் வலக் கீழறை. முன்னிருந்து வரும் அடி பெரும்பாலும் அதனையே தாக்கும். தசை கன்றலாம், துடிப்பின் ஒழுங்கு கெடலாம், அரிதாக வால்வு கிழியலாம், அறைச்சுவர் பிளக்கலாம். வலியின் அளவைக் கொண்டு இவற்றைத் துணிதல் இயலாது. நெஞ்செலும்பு முறிந்தும் இருதயம் பழுதின்றி இருத்தல் உண்டு. எலும்பு முறியாமலே இருதயம் புண்படுதலும் உண்டு.

அங்ஙனமாயின் அறியும் வழி யாது? முதலாவது இ.சி.ஜி.; இரண்டாவது டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை. டிரோபோனின் என்பது புண்பட்ட இருதயத் தசையினின்று கசியும் புரதம். கசிவு தெரியச் சில மணி நேரம் ஆகலாமாதலின் மீண்டும் சோதிப்பதும் உண்டு. இவ்விரண்டும் செவ்வையாயிருப்பின் இருதயத்திற்குப் பெருந்தீங்கு இல்லையென்று துணிவர். ஒன்று மட்டும் போதாது. ஒன்று பிழைபடினும் 24 மணி நேரமேனும் துடிப்பைக் கண்காணிப்பர். இரத்த அழுத்தம் தாழ்ந்தாலோ, துடிப்பின் கேடு நீங்காவிடினோ, எக்கோ எடுத்து, இருதயச் சுவரின் இயக்கம், வால்வுகள், உறையில் தேங்கிய குருதி ஆகியவற்றை நோக்குவர்.

செலவிற்கு அஞ்சுவார் உளர். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம், சாலை விபத்துற்றார்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளித்தற்கு ஏற்பட்டதே. 108 வண்டிக்கும் கட்டணம் இல்லை.

ஆதலின் பெருமக்களே, மார்பில் அடிபட்டவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லாது, நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதனை லாரியுள்ள வீடுதோறும் சொல்லுங்கள். எம்மைப்போல் ஒத்தடம் கூறுவார் இனி நம்முள் ஒருவரும் இருத்தலாகாது.