வயிற்றில் பிள்ளையோடு வந்த வருத்தம்



இதையெல்லாம் வானொலியில் பேச வேணுமோ என்று வீட்டில் கேட்டார்கள். பேசாமல் இருந்துதான் நான் பட்டேன். லண்டனுக்கு வந்த பிறகு ஸ்மியர் ரெஸ்ற்றுக்கு மூன்று முறை கடிதம் வந்தது. மூன்றையும் கிழித்தெறிந்தேன். சோதனைச் சாவடிகளில் நின்று வந்த உடம்பு, இன்னொருவர் முன்னால் உடுப்பைக் கழற்றக் கூசியது.

2019இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில். 16ஆம் கிழமை இரத்தம் பட்டது. முதற் பிள்ளைக்கும் இப்படித்தானே என்று இருந்தேன். மிட்வைஃப் விடவில்லை. கருப்பைக் கழுத்தைப் பார்த்து, சிறிய சதைத்துண்டு எடுத்துச் சோதித்தார்கள்.

முடிவு சொன்ன அன்று மச்சாள்தான் மொழிபெயர்த்தா. வைத்தியர் ஐந்து நிமிடம் சொன்னதை "சின்னப் புண்ணாம்" என்று முடித்துவிட்டா! ஒரு கிழமை நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த முறை வைத்தியசாலை இலவசமாக ஒழுங்குசெய்த மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்துதான் 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டேன். மச்சாளில் கோபமில்லை, நான் உடைந்துபோவேன் என்றுதான் மறைத்தா. ஆனால் அது என்னுடைய உடம்பு.

"பிள்ளையை அழிக்க வேணுமோ?" என்றுதான் முதலில் கேட்டேன். கட்டாயமில்லை என்றார் வைத்தியர். கட்டி எவ்வளவு பெரிது, பரவியதா, எத்தனையாவது கிழமை என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம். பிள்ளையைக் காப்பதென்றால் இடுப்புப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்க முடியாது. முதல் மூன்று மாதம் கடந்தால் சில கீமோ மருந்துகள் கொடுக்கலாம்.

என்னுடையது 2 சென்ரிமீற்றருக்குக் குறைவு. நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பார்த்தார்கள், பரவவில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, "முதலில் உன்னைப் பார் பிள்ளை" என்று தொலைபேசியில் அழுதா. 37ஆம் கிழமை சிசேரியன் செய்து, அதே சத்திரசிகிச்சையில் கருப்பையையும் எடுத்தார்கள். மகள் 2.4 கிலோ. இனிப் பிள்ளையில்லை என்ற கவலை சில இரவுகளில் இன்னும் வரும்.

எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாது. புற்றுநோய்க்கு முந்திய கலமாற்றம் மட்டுமென்றால், பெரும்பாலும் கண்காணித்துக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகே சிகிச்சை செய்வார்கள். வழக்கமான ஸ்மியரையும் பெற்று 12 கிழமை கழித்துத்தான் எடுப்பார்கள். இரத்தம் படுவது வேறு விஷயம். அன்றைக்கே மிட்வைஃபிடம் சொல்லுங்கோ.

மச்சாளுக்கும் போன மாதம் கடிதம் வந்தது. பெண் தாதியும் மொழிபெயர்ப்பாளரும் வேணும் என்று நானே கேட்டுப் பதிந்தேன். வியாழக்கிழமை காலை 9.20க்கு. நானும் கூடப் போகிறேன், வெளியில்தான் இருப்பேன்.