அந்த நட்டை யார் பார்த்தது?



குழுவாகச் சேர்ந்து டிசைன் செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒற்றுமையே பலம் என்று ஆரம்பித்தால் பின்வரிசை கேன்டீனுக்குக் கிளம்பிவிடும். நானும் பின்வரிசைதான். அதனால் ஒரு கம்பியின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியின் ஹயாட் ரீஜன்ஸி ஹோட்டல். உள்ளே இரண்டு நடைபாலங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டு நட்டை ஏற்றுவது சிரமம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். மேல் பாலம் கூரையில் தொங்கியது. கீழ்ப் பாலம் மேல் பாலத்தில் தொங்கியது.

என்ன பெரிய வித்தியாசம்? கிணற்றுக் கயிற்றில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். அவரவர் கை அவரவர் எடையைத் தாங்கும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவர் காலைப் பிடித்தால்? கயிற்றுக்கு அதே பாரம்தான். மேலே இருப்பவர் கைக்கு இரண்டு மடங்கு. அங்கே அந்தக் கை, மேல் பாலத்து உத்தரத்தின் அடியில் இருந்த நட்டு. 1981 ஜூலை 17 மாலை அந்த இணைப்பு பிய்ந்தது. 114 பேர் இறந்தார்கள்.

மாற்றுவதற்கு முந்தைய இணைப்பே விதிமுறை கேட்ட பலத்துக்குக் குறைவு என்று பிறகு தெரிந்தது. இணைப்பைக் கணக்கிடுவது ஃபேப்ரிகேட்டர் பொறுப்பு என்றது டிசைன் பக்கம். வரைபடத்தில் முத்திரை குத்திக் கொடுத்தீர்களே என்றது ஃபேப்ரிகேட்டர் பக்கம். இரண்டு பக்கமும் தொழில் தெரிந்தவர்கள்தான்.

"போன்ல சொல்லிட்டேன் சார்" என்பது எங்கள் டிசைன் ஆபீசிலும் தினம் கேட்கிற பேச்சு. எங்கள் சீனியர் ஒருவர், "பேப்பர்ல எங்கப்பா?" என்பார். ரிவிஷன் எண்ணும், கணக்கைச் சரிபார்த்தவர் கையெழுத்தும் இல்லாமல் எந்தத் தாளும் அவர் மேஜையைத் தாண்டாது. எரிச்சலாகத்தான் இருக்கும். இன்றைய கம்ப்யூட்டர் மாடலில் குழாய் உத்தரத்தில் இடித்தால் சிவப்பாகக் காட்டும். அந்தக் கணக்கை யாருமே போடவில்லை என்பதைக் காட்டாது.

இறுதியாண்டு ப்ராஜெக்டில் நாலு பேர். ஒருவர் கணக்கு, ஒருவர் வரைபடம், ஒருவர் டைப்பிங், ஒருவர் பைண்டிங். வைவாவில் ஒரு இணைப்பைப் பற்றிக் கேட்டால் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்! வரைந்தவர் கணக்கைச் சரிபார்க்கட்டும், கணக்குப் போட்டவர் வரைபடத்தைச் சரிபார்க்கட்டும். சண்டை வரும், வரட்டும்.

ப்ராஜெக்ட் வரைபடம் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.