பரிசுக்குரிய நாவல் எது?

(பரிசளிப்பு விழா உரை)



1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அகிலனின் 'சித்திரப்பாவை'க்குக் கிடைத்தது. தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் அதுதான். அதன் நாயகன் அரசனல்லன், ஓர் ஓவியன். பணமே பெரிதென்னும் உலகில் அவன் படும் பாடே கதை.

அலங்கார நடை மட்டும் பரிசுக்குப் போதாது. புத்தகத்தை மூடிய பிறகும், 'நானாயிருந்தால் என்ன செய்திருப்பேன்?' என்று நெஞ்சைக் குடைய வேண்டும்.

அதே அகிலன் நம் ரப்பர்த் தோட்ட மக்களை வைத்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். "நம்ம பொழப்புல என்னங்க கதை இருக்கு?" என்று கேட்கும் தாய்மார்களே! விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வாளி சுமந்து பிள்ளையைப் படிக்க வைத்தீர்களே, அதைவிடப் பெரிய கதை ஏது?

பிள்ளைகளே, இன்றிரவே பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை மறைக்காமல் எழுதி வையுங்கள். நாளைய பரிசு அங்கேதான் தொடங்கும்.