தொன்மையும் விருந்தும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழில் வேதாந்தம் பயிற்றிய திருமடம் விளங்கும் ஊர் இக்கோவிலூர். இங்கு நின்று ஒரு தங்கும் விடுதியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அருகே காரைக்குடியில், தேவகோட்டைச் சாலையில் உள்ள 'பங்களா' என்னும் விடுதியே நான் எடுத்துக்கொண்ட பொருள். நம்மில் பலர் அதன் வாயிலைக் கடந்து சென்றிருக்கிறோம். உள்ளே சென்றவர் சிலரே.

முதலில் பெயரைப் பார்ப்போம். வங்காளத்து வீட்டைக் குறித்த சொல் பல ஊர் கடந்து 'பங்களா' என நம்மிடம் வந்து சேர்ந்தது. கல்கத்தாவிலும் இரங்கூனிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாருக்கு அச்சொல் அயலானதன்று. ஆயினும் செட்டிநாட்டு வீடு வேறு, பங்களா வேறு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீள்வது வீடு. திருமணமும் சாந்தியும் அங்கேதான் நடக்கும். பங்களாவோ தோட்டத்தினிடையே தனித்து நிற்பது. ஓய்வுப் பொழுதுக்கு உரியது. எம்.எஸ்.எம்.எம். குடும்பத்தாரின் இப்பங்களாவும் ஒரு காலத்தில் ஆடவர் கூடிப் பொழுது போக்கும் மன்றமாக விளங்கியது. அக்காலப் பெண்டிரின் உலகம் வளவுக்கும் அடுப்படிக்கும் இடையே அடங்கியிருந்தது.

அதே பங்களாவை 1999ஆம் ஆண்டு விடுதியாகத் திறந்தவர் ஒரு பெண்மணி, திருமதி மீனாட்சி மெய்யப்பன். மறு ஆண்டே, எஸ். முத்தையா முதலியோருடன் இணைந்து அவர் உருவாக்கிய செட்டியார் மரபு பற்றிய ஆங்கில நூல் வெளிவந்தது. 2014இல் பங்களாவின் சமையல் முறைகளும் நூலாயின. ஆடவர் மன்றமாக இருந்த இடம் இன்று அடுப்படியால் பெயர் பெற்று நிற்கிறது. வீட்டின் கடைக்கோடியில் இருந்த அடுப்படி முகப்புக்கு வந்துவிட்டது என்றே இதனை நான் காண்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. காசியில் 1813இலேயே சத்திரம் நிறுவிய மரபு இது. வழிப்போக்கருக்குச் சோறிட்டவர்கள் சோற்றுக்கு விலை வைக்கலாமா? விலை கொடுத்து உண்பது விருந்தாகுமா? என் ஆயா இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

அந்த ஆயாவின் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1942இல் பர்மா கைவிட்டுப் போனபின் பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் போனார்கள். வீடு பல புள்ளிகளுக்குப் பொதுவாயிற்று. பொதுவான வீட்டுக்குப் பூட்டுத்தான் மிஞ்சியது. ஓடு மாற்றுவதற்குக்கூடப் பங்காளிகள் ஒருமனப்படவில்லை. முடிவில் பிரித்து விற்றார்கள். நான் சென்று பார்த்தபோது வெறும் மனைதான் இருந்தது. அவ்வீட்டின் தேக்குத் தூண்கள் இன்று எவருடைய கூடத்தையோ தாங்கிக்கொண்டிருக்கும். தேடினால் ஒன்றிரண்டு கண்ணில் படவும் கூடும். ஆனால் ஆயாவின் கந்தரப்பப் பக்குவம் எங்கும் கிடைக்காது. அவர் சொல்ல எழுதிவைத்துக்கொள்ள எங்களில் எவருக்கும் தோன்றவில்லை; தமிழ் படித்த எனக்கும் தோன்றவில்லை.

அந்த வெறும் மனையில் நின்ற பிறகு, விலை வைத்து விற்கும் விடுதியின் மீது எனக்கிருந்த குறை குறைந்தது. பங்களாவைத் தொடர்ந்து வேறு வீடுகளும் விடுதிகளாயின. தந்தை தன் மகளுக்காகக் கட்டிய கானாடுகாத்தான் 'விசாலம்', கடியாபட்டிச் 'சிதம்பர விலாஸ்' ஆகியன அவ்வாறு கதவு திறந்தவை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. எனினும் எல்லா வீடுகளையும் விடுதியாக்கிக் காத்துவிட முடியாது. பட்டியலும் ஓடு மாற்றித் தராது. எஞ்சிய வீடுகளுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

தொல்காப்பியர் செய்யுளியலில் எட்டு வனப்புகளைக் கூறுகிறார். அவற்றுள் தொன்மை ஒன்று, விருந்து மற்றொன்று. பழமை சார்ந்து வருவது தொன்மை. புதிதாகப் புனைவது விருந்து. புதிதாக வருபவரையும் நாம் விருந்து என்றே அழைக்கிறோம். பழமையும் புதுமையும் ஒரே நிரலில் அமர்வதை இலக்கணம் ஏற்றுக்கொண்டது. பழைய வீடும் புதியவர் வந்தால்தான் உயிர் வாழும் என்பதைக் காரைக்குடியின் பங்களா காட்டுகிறது. அங்கே தங்குவோர் பணம் தருகிறார்கள் என்பது உண்மை; அடுப்பு அணையாமல் இருக்கிறது என்பதும் உண்மை.

கவிஞர்களே, நம்மிடம் பொருள் இல்லை, எழுதுகோல் உண்டு. இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பூட்டிய வீடு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் வாழ்ந்த முதியோர் இருக்கும்போதே சென்று, அறைகளின் பெயர்களையும் பண்டங்களின் பக்குவத்தையும் கேட்டு எழுதுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள். இருபதாம் ஆண்டு மலரில் அவை அச்சேறட்டும்.